தவணை கடந்த இருமல்

கடன் தவணை கடந்தால் சங்கத்திலிருந்து நோட்டீசு புறப்படுகிறது. அங்கத்தினர் ஒருவரின் இருமல் மாதக்கணக்கில் தவணை கடந்து நின்றாலோ, கேட்பார் இல்லை. "பஞ்சிலே பொழைக்கறவனுக்கு இருமல் வராம இருக்குமுங்களா?" என்று சிரித்துவிடுகிறார்கள். அச்சிரிப்பு ஆபத்தானது என்பதே நமது கருத்து.

சரவணம்பட்டி வட்டாரத்தில் ஆலை, தறி, தோட்டம் மூன்றையும் நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. ஆகவே இருமலின் காரணமும் ஒன்றன்று. நூற்பாலையில் பஞ்சுத் தூசு ஆண்டுக்கணக்கில் மார்பினுள் சென்றால் பிசினோசிஸ் என்னும் நோய் உண்டாகலாம். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகி மூச்சு முட்டுவது அதன் தொடக்க அடையாளம். சட்டம் இதனைத் தொழில் நோயாக ஏற்றிருக்கிறது. எனவே மருத்துவரிடம் நமது தொழிலையும் கூற வேண்டும். பூசணம் பிடித்த வைக்கோலை உதறும் விவசாயிக்கும் அத்தூசினால் நுரையீரல் கெடலாம். அடுப்புப் புகையும் பீடியும் எவரையும் விடுவதில்லை.

இவற்றினும் உடனே அறிய வேண்டியது காசநோய். அது பிறருக்கும் பரவும். இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவு வியர்வை ஆகியவை இருப்பின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சளியில் இரத்தம் கண்டாலும், ஓய்விலேயே மூச்சுத் திணறினாலும், உதடு நீலம் பாரித்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அங்கத்தினர் ஒருவர் மூன்று மாதம் இருமலை மறைத்தார். காரணம் கேட்டோம். "தெரிஞ்சா பாவு குடுக்க மாட்டீங்க, பொண்ணுக்கு மாப்பிள்ளையும் வராதுங்க" என்றார். இந்த அச்சமே நோயினும் கொடியது.

ஊரையும் தொழிலையும் விட்டு நெடுங்காலம் சானடோரியத்தில் கிடக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் நம் மாநிலத்திலேயே பொய்யாயிற்று. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மறு பகுதியினருக்கு வீட்டிலும் மருந்தளித்து ஒப்பிட்டது. நெருக்கமான வீடுகளில், எளிய உணவுடன் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர் என்று 1959-இல் அது வெளியிட்டது. வீட்டாருக்கு நோய் பரவுவதும் அதனால் மிகவில்லை. உலகமே அவ்வழியைப் பின்பற்றியது.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும்; அரசு அதனை இலவசமாக அளிக்கிறது. ஊட்டத்திற்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாயிற்று. இடையில் சற்றுத் தெம்பு வந்ததும் மருந்தை நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத நோயாக அது மாறக்கூடும்.

சங்கங்களுக்கு நாம் கூறுவது இதுவே: மருந்துண்ணும் அங்கத்தினரின் பெயரைப் பொதுவில் பேசாதீர்கள். அவருக்குரிய பாவை நிறுத்தாதீர்கள். ஓய்வு தேவையாயின் குடும்பத்தாரிடம் கொடுங்கள். பாவு நிற்காது என்ற உறுதி இருந்தால், இருமலை மறைக்க எவருக்கும் காரணம் இராது.