சரியாக 5 ஏக்கர் இருந்தால் ரூ.1,000 கிடைக்குமா? சாஃப்ட்வேரை சோதிப்பது இப்படித்தான்!

கலைஞர் மகளிர் உரிமைத்தொகை திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. இப்படியொரு திட்டத்தின் விதிகளை சாஃப்ட்வேர் சரியா பார்க்குதான்னு எப்படி சோதிப்பாங்க?

விதி என்ன?
நன்செய் 5 ஏக்கருக்கும், புன்செய் 10 ஏக்கருக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

எல்லையில்தான் சிக்கல்
2 ஏக்கர், 3 ஏக்கர்னு எத்தனை பேரை வச்சு சோதிச்சாலும் ஒரே பதில்தான் வரும். நல்ல 'டெஸ்ட் கேஸ்' எல்லையை ஒட்டியே இருக்கும்: 4.99, 5, 5.01. 'குறைவாக' என்பதை 'குறைவாக அல்லது சமமாக' என்று எழுதிவிட்டால், அந்தத் தப்பு சரியாக 5-ல் மட்டுமே சிக்கும்.

பட்டாவில் இன்னொரு கணக்கு
பட்டாவில் நிலம் ஹெக்டேரில் இருக்கும். 2.02 ஹெக்டேர் என்றால் 4.99 ஏக்கர், தகுதி உண்டு. அதையே 5 என முழு எண்ணாக்கினால்? நிராகரிப்பு!

புதுக்கோட்டையில்?
அறந்தாங்கி பக்கம் கல்லணைக் கால்வாய் பாசனம். வேறு பகுதிகளில் மானாவாரி. ஒரே குடும்பத்துக்கு 3 ஏக்கர் நன்செய், 6 ஏக்கர் புன்செய் இருந்தால்? தனித்தனியா பார்த்தா எல்லைக்குள்ள, சேர்த்துப் பார்த்தா? இதை அதிகாரிகளிடம் முன்பே கேட்கணும், புரோகிராமர் ஊகிக்கக் கூடாது.

ஏன் முக்கியம்?
ஒரு தவறான நிராகரிப்பால் ஆண்டுக்கு ரூ.12,000 போகும். கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்தான். ஆனா அந்த அலைச்சலுக்கு ஒருநாள் கூலியும் போகுமே!