கயிறு தொங்கினால் போதுமா?

கார் தொழிற்சாலையில் லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவர் முடுக்கும் போல்ட் சரியாக உட்காரவில்லை. அதைச் சரி செய்வதற்குள் கார் அடுத்தவரிடம் நகர்ந்துவிடும். அவர் என்ன செய்ய வேண்டும்?

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் இதற்கு ஒரே பதில்தான். ஒன்றும் செய்யக் கூடாது. கார் போகட்டும், லைன் மட்டும் நிற்கக் கூடாது. இன்ஜினைத் திருப்பி மாட்டிய கார், பிரேக்கே இல்லாத கார் எல்லாம்கூட அப்படி நகர்ந்து போனதுண்டு என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். தப்பாக வந்த கார்களை வெளியே வரிசையாக நிறுத்தி, ஓவர்டைம் போட்டுச் சரி செய்வார்கள்.

நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் இடையே அங்கே நடந்தது கிட்டத்தட்ட யுத்தம். கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். கார் வாங்கியவர் ‘கடகட’ சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடி அலைய வேண்டியதுதான். ஐந்து பேரில் ஒருவர் ஆப்சென்ட். திங்கட்கிழமை காலையில் லைனை ஓட்ட ஆள் போதாமல், எதிரே இருந்த மதுக்கடையில் போய் ஆள் பிடித்து வந்த கதையும் உண்டு. தீராத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. 1982-ல் கம்பெனி ஆலையை இழுத்து மூடியது. சுமார் 5,000 பேர் வீட்டுக்குப் போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து அதே கட்டடம் திறந்தது. இந்த முறை ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் டொயோட்டாவும் கூட்டாளிகள். புது கம்பெனியின் நீளமான பெயரைச் சுருக்கி ‘நம்மி’ என்று அழைத்தார்கள். (கேட்பதற்கு நம் வீட்டுச் செல்லப் பெயர் மாதிரி இருக்கிறது!) சிறிய காரை லாபத்தோடு செய்வது எப்படி என்று ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தன் முறை அமெரிக்கத் தொழிலாளியிடம் எடுபடுமா என்று டொயோட்டாவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆலையை நடத்தும் பொறுப்பு டொயோட்டாவிடம் வந்தது.

வேலைக்கு யாரை எடுத்தார்கள் என்பதுதான் சுவாரசியம். பெரும்பாலும் அதே பழைய ஆட்கள், அதே யூனியன். பழைய ஆலையில் மல்லுக்கு நின்ற யூனியன் தலைவர்களும் உள்ளே வந்தார்கள். ‘இவர்களை வைத்துக்கொண்டா!’ என்று பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

புதிய முறையைச் சுற்றறிக்கையில் அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தால் அதையும் குப்பைக்கூடையில்தான் தேட வேண்டியிருந்திருக்கும். டொயோட்டா அதைச் செய்யவில்லை. குழுத் தலைவர்களாக வேலை செய்யப் போகிற 400-க்கும் மேற்பட்டவர்களை, பிரிவு பிரிவாக ஜப்பானுக்கு விமானம் ஏற்றியது. டொயோட்டா நகரில் உள்ள தகாவோகா ஆலையில் ஜப்பானியத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று, அவர் செய்வதைப் பார்த்து, தானும் செய்து பழக வேண்டும். மொழி தெரியாது. சாப்பாடு புதிது. ஆனால் ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு இன்னொரு கை என்ன சொல்கிறது என்று புரிந்துவிடுகிறது. சில வாரம் கழித்து நடந்த வழியனுப்பு விருந்தில் முரட்டு ஆண்கள் கண்கலங்கி நின்றார்களாம்.

அவர்களை அங்கே அசத்தியது எந்திரமல்ல, ஒரு கயிறு. லைனின் நீளத்துக்கும் தலைக்கு மேலே தொங்கும். வேலையில் சின்னத் தடங்கல் என்றாலும் தொழிலாளி அதை இழுக்கலாம், இழுக்கவும் வேண்டும். இழுத்ததும் பலகையில் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். அந்தக் கார் அடுத்த இடத்துக்குப் போவதற்குள் சரியாகிவிட்டால் லைன் நிற்காது. ஆகவில்லையென்றால் நின்றுவிடும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ‘ஆண்டான்’. ஜப்பானிய மொழியில் பழைய காகித விளக்கைக் குறிக்கும் சொல். நம்மூர் ஆண்டான்–அடிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் நேர் எதிர்.

லைனை நிறுத்தினால் வேலை போகும் என்று பழகிய மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும்? ஓடி வருகிற தலைவர் “யார் பண்ணியது?” என்று கேட்கவில்லை. “என்ன பிரச்சினை?” என்று கேட்டார். ஒரு கருவி இப்படி இருந்தால் வேலை சுலபம் என்று ஒருவர் யோசனை சொன்னால், கேட்டவர் காணாமல் போவார். கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி கருவியோடு திரும்பி வருவார். இத்தனை வருட சர்வீஸில் தங்களிடம் யாரும் யோசனையே கேட்டதில்லை என்று ஃப்ரீமான்ட்காரர்கள் சொன்னார்கள்.

கற்றுக்கொண்டது ஒரு தரப்பு மட்டுமல்ல. தங்கள் வேலைமுறையை அன்னியருக்கு வார்த்தையில் விளக்க வேண்டிய கட்டாயம் டொயோட்டாவுக்கு வந்தது. அதுவரை பார்த்துப் பழகியே கைமாறிய விஷயங்களுக்குப் பாடம் எழுத வேண்டியிருந்தது. அந்த வேலைக்காக டொயோட்டா ஜப்பானிலேயே பணியில் அமர்த்திய அமெரிக்கர் ஜான் ஷூக். நம்மியின் கதையைப் பிறகு விரிவாக எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

ஃப்ரீமான்ட்டில் அதிகாரிகளுக்குத் தனி கேன்டீன் கிடையாது, தனி பார்க்கிங் கிடையாது. இதெல்லாம் வெளித்தோற்றம் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாதது யூனியன் ஒப்பந்தத்தில் இருந்த ஓர் உறுதி. கம்பெனியே நிலைக்குமா என்கிற நெருக்கடி வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை. அப்படி வந்தாலும் முதலில் மேலதிகாரிகள் சம்பளத்தில் கை வைத்த பிறகுதான் தொழிலாளியிடம் வர வேண்டும். எழுதுவது யாருக்கும் சுலபம். 1988-ல் சோதனை வந்தது. அங்கே செய்த செவர்லே நோவா கார் விற்கவில்லை. ஆலையின் திறனில் 60 சதவிகித அளவுக்குத்தான் வேலை இருந்தது. லைனில் தேவைப்படாதவர்களை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பவில்லை; பயிற்சி வகுப்புக்கும், வேலையைச் செம்மைப்படுத்தும் குழுக்களுக்கும் அனுப்பியது. கயிற்றைத் தைரியமாக இழுக்கிற கைக்குப் பின்னால் இருந்தது இந்த நம்பிக்கைதான். தான் சொல்கிற யோசனையால் தன் வேலையே போய்விடாது என்று தெரிந்தால்தானே மனிதர் வாய் திறப்பார்?

ஆப்சென்ட் கணக்கு 20 சதவிகிதத்திலிருந்து இரண்டு மூன்றுக்கு இறங்கியது. இரண்டே வருடத்தில் காரின் தரம் தகாவோகாவை நெருங்கியது.

சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். வேலையின் வேகம் கடுமை. ஒரு நிமிடத்தில் மூச்சு விடக் கிடைக்கும் விநாடிகள் பழைய ஆலையைவிடக் குறைவு. கை, தோள் வலிப் புகார்கள் வந்தன. யூனியனுக்குள்ளேயே எதிர் அணி உருவானது. அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஃப்ரீமான்ட்டுக்குச் சுமார் 550 கிலோமீட்டர் தெற்கே, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வான் நைஸ் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு இன்னொரு ஆலை இருந்தது. அங்கேயும் குழு முறையைக் கொண்டுவந்தார்கள், கயிறும் கட்டினார்கள். ஆனால், ஆலை மூடப்படலாம் என்ற பயத்தின் நிழலில்தான் அது வந்தது. யூனியன் இரண்டாகப் பிளந்தது. சீனியாரிட்டியால் கிடைத்த சுலபமான வேலை பறிபோகுமே என்று மூத்த தொழிலாளிகள் பயந்தார்கள். கயிற்றைக் கையில் கொடுத்தால் எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருப்பார்களே என்று சூப்பர்வைசர்கள் பயந்தார்கள். மேலே இருந்தவர்களின் போனஸோ இன்னும் கார்களின் எண்ணிக்கையைப் பார்த்தே கிடைத்தது. ஜப்பானுக்குக் கூட்டமாக விமானம் ஏறிய கதை அங்கே இல்லை. 1992-ல் வான் நைஸ் மூடப்பட்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் பற்றி இன்னொரு கதையும் சொல்வார்கள். ஒரு பெரிய அதிகாரி தன் கீழே இருந்தவரைக் கூப்பிட்டு, நம்மிக்குப் போய் ஒவ்வோர் அங்குலத்தையும் போட்டோ எடுத்துவா, நம் ஆலையும் அப்படியே இருக்க வேண்டும் என்றாராம். போட்டோ எடுக்க யாரும் தடை சொல்லவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் நம்மிக்குள் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம், யாரிடம் வேண்டுமானாலும் பேசலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். வந்தவர்கள் லைனைப் பற்றிக் கேட்டார்கள். லைனில் நிற்பவருக்கும் பக்கத்தில் ஓடி வருபவருக்கும் இடையே என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி, கூட்டிலிருந்து விலகியது. டொயோட்டாவும் தனியாகத் தொடர விரும்பவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசிக் காராக ஒரு கரோலா ஃப்ரீமான்ட் லைனிலிருந்து இறங்கியது. சில வாரங்களில் அந்தக் கட்டடத்தை டெஸ்லா வாங்கிக்கொண்டது. ஜப்பானுக்குப் போய் வந்தவர்களில் பலருக்கு அதற்குள் ஓய்வு பெறும் வயதாகியிருந்தது.