விடுமுறை நாளில் மீட்டிங்: இது உழைப்புத் திருட்டு

தி.நகரிலும் புரசைவாக்கத்திலும் ஜவுளிக் கடை, நகைக் கடைகளில் நிற்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைப்பது அபூர்வம். அன்றுதான் கூட்டம் நெரியும். அவர்களுடைய ‘வீக் ஆஃப்’ செவ்வாயிலோ புதனிலோ வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நாள் அது. ஆனாலும் ஆறு நாள் நின்ற கால்களுக்கு அந்த ஒரு நாள்தான் மருந்து. மூட்டைத் துணியைத் துவைப்பதும், ரேஷன் கடைக்குப் போவதும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அன்றுதான். அதற்கு முந்தின இரவு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது: நாளை காலை பத்து மணிக்கு மீட்டிங், ஆஃபில் இருப்பவர்களும் கட்டாயம் வர வேண்டும்.

“ஒரு மணி நேரந்தானே” என்கிறார்கள். திருவள்ளூரிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் ரயில் ஏறி வந்து திரும்புகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் அரை நாளைத் தின்றுவிடுகிறது. அங்கே பேசப்படுவது போன மாத டார்கெட்டும் வரப்போகும் ஆடித் தள்ளுபடியும். கடைக்காரர் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், கடையின் காரியத்துக்காக ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் வேலை செய்கிறார். புடவையை விரிக்கவில்லை, பில் போடவில்லை என்பதால் அது ஓய்வாகிவிடாது. வீட்டிலிருந்தே கூகுள் மீட்டில் வரச் சொன்னாலும் இதே கணக்குத்தான்.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தரச் சொல்கிறது. அந்த நாளுக்காகச் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி தர வேண்டும். ‘முழு நாள்’ என்ற சொல்லைச் சட்டம் தெரிந்தேதான் போட்டிருக்கிறது. 2019-இல் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுக்க, இரவு பகலாகத் திறந்திருக்க அரசு அனுமதித்தபோது, ஒவ்வோர் ஊழியருக்கும் சுழற்சி முறையில் வார விடுமுறை உண்டு என்று நிபந்தனை விதித்தது. ஓவர்டைம் கணக்கில் காட்டாமல் விடுமுறையில் ஒருவர் வேலை செய்வது தெரிந்தால் நடவடிக்கை உண்டு என்றும் சொன்னது. கடை ஓயாமல் இருக்கலாம், ஆள் ஓய வேண்டும் என்பதே அந்த ஏற்பாடு. முதல் பாதியை மட்டும் முதலாளிகள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஒரு நாள் யாரும் தானமாகத் தந்ததன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் ஆண்டுக்கணக்காக மனுக் கொடுத்து, கூட்டம் போட்டு, 1890-இல் பெற்றது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு தொழில்துறைக்காக 1921-இல் செய்த உடன்படிக்கை, தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு என்று வரையறுத்தது. இந்தியா 1923-இலேயே அதை ஏற்றது. அந்தத் தொடர்ச்சியைத்தான் காலை பத்து மணி மீட்டிங் அறுக்கிறது.

எல்லோரையும் ஒரே நாளில் சேர்க்க முடியாது என்ற சிரமம் உண்மைதான். அப்படியானால் மீட்டிங்கை இரண்டு தடவை வையுங்கள், அவரவர் வேலை நேரத்துக்குள். உண்மையிலேயே அவசரம் வந்தால் முன்கூட்டிக் கேளுங்கள், இரட்டிப்புக் கூலியும் மாற்று விடுமுறையும் கொடுங்கள். வராதவருக்கு ஆப்சென்ட் போடுவது, இன்சென்டிவை வெட்டுவது, அடுத்த வார ஆஃபை இழுத்தடிப்பது ஆகியவை நிர்வாகம் ஆகா. அவை மிரட்டல்.

தனியார் வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் இந்தக் கூலியைத் தட்டிக்கழிக்க இன்னொரு வழி இருக்கிறது. வீடு வீடாக அலைகிறவருக்கும் ‘அசிஸ்டென்ட் மேனேஜர்’ என்று பட்டம் கட்டி, மேலாளருக்கு நேரக் கணக்குக் கிடையாது என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். பட்டத்தைப் பார்க்காமல் செய்யும் வேலையைப் பார்த்தே ஒருவர் தொழிலாளியா என்று தீர்மானிக்க வேண்டும் என நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன.

கடை ஊழியர் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே 2021-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்த மாநிலம் இது. ஆகவே முதலாளிகளின் மனசாட்சியை மட்டும் நம்பியிருக்க முடியாது. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடைக்குள் நுழையும்போது வருகைப் பதிவேட்டோடு நிற்காமல் மீட்டிங் அறிவிப்புகளையும் கேட்டுப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் ஆஃப் என்று இருக்கும் நாளில் ஊழியர் கடையில் உட்கார்ந்திருந்தது அங்கேதான் தெரியவரும். ஊழியர்களே, அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். யார் கூப்பிட்டார், எந்தத் தேதி, எத்தனை மணி என்பதெல்லாம் அதில் இருக்கிறது.