உயிர்த்தெழுவது உடலும்தான்

கிறிஸ்தவ அடக்க ஆராதனைகளில் இரண்டு நம்பிக்கைகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமலே பேசுகின்றன. விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது, உடல் உயிர்த்தெழும் என்று சபை அறிக்கையிடுகிறது. ஆறுதல் சொல்லவரும் பிரசங்கமோ பெரும்பாலும் வேறொன்றைச் சொல்கிறது: உடல் வெறும் கூடு, ஆன்மா பறந்து பரலோகம் போய்விட்டது, அத்தோடு எல்லாம் நிறைவுற்றது. முதலாவது எபிரேய மண்ணில் முளைத்த நம்பிக்கை. இரண்டாவது பிளேட்டோவுக்கு நெருக்கமானது. இரண்டும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டதில் கிறிஸ்தவம் தன் மையமான நம்பிக்கையையே ஓரத்தில் ஒதுக்கிவிட்டது என்பது என் வாதம்.

இந்த வேறுபாட்டை இறையியலாளர் ஆஸ்கர் குல்மான் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் இரு மரணங்களை அருகருகே வைத்துக் காட்டினார். கி.மு. 399இல் ஏதென்ஸ் சிறையில் சாக்ரடீஸ் கலங்காமல் நஞ்சுக் கோப்பையை வாங்கிக் குடிக்கிறார். பிளேட்டோவின் பைடோ உரையாடலில் சாவு ஆன்மாவுக்கு விடுதலை; உடல் என்னும் சிறையின் கதவு அன்று திறக்கிறது. கெத்செமனேயில் இயேசு அப்படி இல்லை. திகிலடைகிறார், விழித்திருக்கும்படி சீடர்களைக் கேட்கிறார், அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று மன்றாடுகிறார். சாக்ரடீஸைவிட அவர் துணிவு குறைந்தவர் என்பதல்ல காரணம். எபிரேய மரபில் உயிர் கடவுளின் கொடை, சாவு அதைப் பறிக்க வரும் பகை. பவுலும் சாவைக் கடைசிப் பகைவன் என்றே எழுதுகிறார். பழைய ஏற்பாட்டில் 700 தடவைக்கு மேல் வரும் ‘நெபெஷ்’ என்ற சொல்லையும் பாருங்கள். தொண்டை, பசி, மூச்சு, உயிர், ஆள் என்றெல்லாம் அது பொருள்படும்; சில இடங்களில் பிணத்தையே குறிக்கும். உடலுக்குள் குடியிருந்து பின் வெளியேறும் ஒன்றுக்கு இந்தச் சொல் எளிதில் பொருந்தாது.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. எபிரேயர் ஒரு விதமாகவும் கிரேக்கர் வேறு விதமாகவும் சிந்தித்தார்கள் என்பதைச் சொற்களைக் கொண்டே நிறுவுவது பிழை என்று 1961இல் விவிலிய அறிஞர் ஜேம்ஸ் பார் தம் நூலில் விரிவாகக் காட்டினார். இயேசுவின் காலத்துக்கு வெகுமுன்பே யூத உலகில் கிரேக்கம் ஊடுருவிவிட்டது என்று இன்னோர் அறிஞரான மார்ட்டின் ஹெங்கல் சான்றுகளை அடுக்கினார். இருவர் சொல்வதையும் ஏற்கிறேன். ‘நெபெஷ்’ என்பதைக் கிரேக்கத்தில் ‘ப்சுகே’ என்று பெயர்த்தவர்கள் யூதர்களே. நேர்மையாளரின் ஆன்மா கடவுளின் கையில் இருக்கிறது என்று பேசும் சாலமோனின் ஞானம் என்ற நூலும் யூதர் ஒருவர் கிரேக்கத்தில் எழுதியது. ஆகவே தூய எபிரேயத்தைக் கிரேக்கம் வந்து கெடுத்தது என்ற கதையை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் இங்குள்ள வேறுபாடு இலக்கணத்தில் இல்லை. இரு தரப்பும் வெளிப்படையாகச் சொன்ன கூற்றுகளில் இருக்கிறது. ஏதென்ஸில் பவுல் பேசியதைப் பொறுமையாகக் கேட்டிருந்தவர்களில் சிலர், இறந்தோர் எழுவதைப் பற்றி அவர் சொன்னதும் ஏளனம் செய்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். தமக்கு அந்நியமானது எது என்பதைக் கேட்டவர்களே உணர்ந்துகொண்டார்கள். இரண்டாம் நூற்றாண்டின் யுஸ்தீன் இதைவிடத் தெளிவான சாட்சி. பிளேட்டோவைப் படித்துத் தேர்ந்தவர், தத்துவவாதியின் மேலாடையைக் கடைசிவரை களையாதவர். உயிர்த்தெழுதல் இல்லை, செத்தவுடன் ஆன்மா வானகம் போய்விடுகிறது என்போரைக் கிறிஸ்தவராகவே எண்ண வேண்டாம் என்று யூதரான திரிபோவுடனான உரையாடலில் எழுதியவர் அவர்தான்.

சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு இயேசு அன்றே பரதீசை வாக்களிக்கவில்லையா, பிரிந்துபோய்க் கிறிஸ்துவோடு இருக்க பவுல் விரும்பவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இறந்தோர் கடவுளின் காவலில் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அது காத்திருப்பு, முடிவு அல்ல. சாவதை விரும்பிய அதே பவுல், கொரிந்தியருக்கு எழுதியபோது ஒரு முழு அதிகாரத்தை உடலின் எழுச்சிக்காகச் செலவிட்டார். 381ஆம் ஆண்டின் கான்ஸ்டான்டினோபிள் விசுவாசப் பிரமாணமும் இறந்தோரின் உயிர்த்தெழுதலையே எதிர்நோக்குகிறது. அழியாத ஆன்மா என்ற சொற்றொடர் அதில் இல்லை. ஆன்மா அழியாதது என்பதை ஐந்தாம் லாத்தரன் சங்கம் 1513இல் வரையறுத்தபோது, அரிஸ்டாட்டிலுக்கு எப்படிப் பொருள் சொல்வது என்ற சண்டை அதன் பின்னணியில் இருந்தது. அரிஸ்டாட்டிலையே துணைக்கு அழைத்த தாமஸ் அக்வினாஸ்கூட, தன் ஆன்மா மட்டும் பிழைத்தால் தான் பிழைத்ததாகாது என்று கருதினார். கிரேக்கக் கருவியை எபிரேய நம்பிக்கைக்குப் பணிய வைக்க முடியும் என்பதற்கு இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

தமிழில் இந்தக் குழப்பத்தில் மூன்றாவது ஓடையும் கலக்கிறது. பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு ஆதியாகமத்தில் மனிதனை ‘ஜீவாத்துமா’ ஆக்கியது. ஆன்மா என்ற சொல்லோ இங்கே ஏற்கெனவே நீண்ட வரலாறு கொண்டது. சைவ சித்தாந்தத்தில் உயிர் அனாதி, யாரும் படைத்ததல்ல. ஆதியாகமம் சொல்வது நேர் எதிர்: மண்ணைப் பிசைந்து, மூச்சை ஊதி, மனிதனை உண்டாக்கினார் கடவுள். அங்கே மண்ணும் அவனே, மூச்சும் அவனே. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் ஆன்மாவை விட்டுவிட்டு ‘உயிர்’ என்ற எளிய சொல்லை எடுத்துக்கொண்டது. கல்லறையோரம் நின்று பேசுகிறவர்களும் அந்தச் சொல்லையே எடுக்கட்டும். பெட்டிக்குள் கிடத்தப்பட்டவரைக் கூடு என்று சொல்லாமல், எழுப்பப்படப்போகிறவர் என்று பெயர் சொல்லி அழைக்கட்டும்.