ஆட்டம் யாருக்கு? தண்ணீர் யாருக்கு?

அருப்புக்கோட்டை மில்லில் ஷிப்டு முடிந்த தொழிலாளியும், திருச்சுழிப் பக்கம் பருத்திக்காட்டு வேலை முடித்த விவசாயத் தொழிலாளியும் டீக்கடையில் நின்று கிரிக்கெட் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உழைத்தவனுக்குப் பொழுதுபோக்கு வேண்டும். ஆனால் அந்தப் பச்சைப் புல்லுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நாம் கேட்டதுண்டா?

2016-ல் மராட்டியம் வறட்சியில் வெந்தது. லாத்தூர் ஜனங்களுக்கு மிரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. ஏப்ரல் 12-ல் வந்து சேர்ந்த முதல் ரயிலில் இருந்தது சுமார் 5 லட்சம் லிட்டர். அதே மாநிலத்தில் ஐ.பி.எல். மைதானங்களுக்கு 60 லட்சம் லிட்டர் செலவாகும் என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. பன்னிரண்டு ரயில் தண்ணீர்! ஏப்ரல் 30-க்குப் பிறகுள்ள ஆட்டங்களை வெளிமாநிலத்துக்கு மாற்றும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

2018-ல் காவிரிக்காகத் தமிழகம் கொதித்தது. சென்னை ஆட்டங்களைப் புனேவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பவனா அணைத் தண்ணீரை மைதானத்துக்கு எடுக்க அதே நீதிமன்றம் தடை விதித்தது.

2023-ல் கிரிக்கெட் வாரியம், கடைசிக்கட்ட ஆட்டங்களில் ரன் எடுக்காத ஒவ்வொரு பந்துக்கும் 500 மரக்கன்று நடுவதாக அறிவித்தது. நல்லது. ஆனால் கரிசல்காட்டுக்காரனுக்குத் தெரியும்: கன்று நடுவது ஒரு நாள் வேலை, தண்ணீர் ஊற்றுவது மூன்று கோடை வேலை. நட்டதில் பிழைத்தது எத்தனை என்ற கணக்கும் வேண்டும்.

தோழர்களே, நம் வாசலையும் பார்ப்போம். நம் ஊர்க் கண்மாய்ப் பொட்டலில் கபடி நடந்த மறுநாள் என்ன கிடக்கிறது? பிளாஸ்டிக் தம்ளர், தண்ணீர் பாக்கெட். 2019 ஜனவரி 1 முதல் இவற்றுக்குத் தடை. ஆனாலும் கிடக்கின்றன. மழை வந்தால் மடையை அடைக்கும். மேயும் ஆடு தின்றால் சாகும். நஷ்டம் முதலாளிக்கா? இல்லை, ஆடு வளர்க்கும் ஏழைக்கும் கடைமடை விவசாயிக்கும்தான்.

ரசிகன் இல்லாமல் டிக்கெட் இல்லை, விளம்பரம் இல்லை, லாபமும் இல்லை. ஆகவே கேட்கும் உரிமை ரசிகனுக்கு உண்டு. பஞ்ச காலத்தில் மைதானத்துக்குக் குடிதண்ணீர் கூடாது. சுத்திகரித்த கழிவுநீரே போதும். குப்பை அள்ளும் செலவு நடத்துகிறவர்களுடையது. அள்ளும் தொழிலாளிக்கு முழுக்கூலி வேண்டும். நம் கபடியில் மண்பானையும் எவர்சில்வர் தம்ளரும் வரட்டும்.

ஒரு குடம் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தவர்கள் நாம். கை தட்டுவோம், கணக்கும் கேட்போம்!