"கேட்டால் தருவோம்"னு ஒரு பொய்

நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க. ஆராய்ச்சி, தரவு, சாஃப்ட்வேர்னதும் "இது டாக்டருங்க சமாச்சாரம்"னு தள்ளிட்டுப் போயிடாதீங்க. உங்க ரத்தத்துல இருந்து எடுத்த நம்பர்களைப் பத்தித்தான் பேசப் போறேன்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில், யாரும் கண்ணை வைக்காத இடத்தில் ஒரு வரி இருக்கும். "இந்த ஆய்வின் தரவுகள், நியாயமான காரணத்தோடு கேட்டால் ஆசிரியரிடமிருந்து கிடைக்கும்." படிக்கும்போது எவ்வளவு கண்ணியமா இருக்கு! பஸ் ஸ்டாண்டுல பார்த்தவங்க "அவசியம் ஒரு நாள் வீட்டுக்கு வரணும்"னு சொல்லிட்டு, வீடு எங்கேன்னு சொல்லாமலே பஸ் ஏறிடுவாங்களே, அந்த ரகம்.

நிஜமாவே கேட்டுப் பார்த்திருக்காங்க. 2022ல் வெளியான ஓர் ஆய்வு. தருவோம்னு எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாங்க. தரவைக் கொடுத்தவங்க 122 பேர். மீதி 93 சதவீதம் பேர் பதிலே போடலை, இல்லைன்னா முடியாதுன்னுட்டாங்க.

இதைச் சோம்பேறித்தனம்னு சொல்லி விட்டுட முடியாது. இது நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம். ஏன்னு சொல்றேன்.

2020 மே மாசத்தை ஞாபகப்படுத்திக்குங்க. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். கொரோனா வார்டில் வேலை பார்த்தவர்கள் தடுப்புக்காக வாரம் ஒருமுறை அதை எடுத்துக்கலாம்னு ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைத்திருந்தது. நானும் போட்டுக்கிட்டேன். மே 22ஆம் தேதி லான்செட் இதழில் ஒரு கட்டுரை வருது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். அந்த மருந்து கொடுக்கப்பட்டவர்களிடம் இறப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் அதிகம் என்றது கட்டுரை. மூணே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன்னுடைய சோதனையில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்தி வைத்ததாக அறிவித்தது. போட்டுக்கிட்ட நாங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தோம்.

அவ்வளவு பெரிய தரவு யார் கையில் இருந்தது? சர்ஜிஸ்ஃபியர்னு ஓர் அமெரிக்க நிறுவனத்திடம். கட்டுரை வந்த சில நாளிலேயே கணக்கு இடிச்சது. ஆஸ்திரேலியாவில் 73 பேர் இறந்ததாகப் போட்டிருந்தாங்க. அதே தேதி வரை அந்த நாடு முழுக்கவே பதிவான இறப்பு 67. அதெப்படி ஊருக்குள்ள இருக்கிறதை விட ஆஸ்பத்திரியில அதிகம்? நூத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூட்டாகக் கேள்வி எழுப்பினாங்க. தரவைக் காட்டுங்க என்றபோது, மருத்துவமனைகளோடு ரகசிய ஒப்பந்தம் இருக்கு, தர முடியாதுன்னு பதில் வந்தது. ஜூன் 4ஆம் தேதி மற்ற மூன்று ஆசிரியர்களும் கட்டுரையைத் திரும்பப் பெற்றாங்க. அதே நிறுவனத்தின் தரவை வைத்து நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த இன்னொரு கட்டுரையும் அன்றைக்கே வாபஸ்.

(வாட்ஸ்அப் அண்ணன்களுக்கு ஒரு குறிப்பு: இதனால அந்த மாத்திரை கொரோனாவைக் குணமாக்கும்னு ஆயிடாது. அடுத்த நாளே, ஜூன் 5ஆம் தேதி, பிரிட்டனின் ரெக்கவரி சோதனை முறையாக ஆராய்ந்து பலன் இல்லைன்னு அறிவிச்சது.)

இங்க என்னை உறுத்துற விஷயம் என்னன்னா, வெளியிடும் முன்னால் சரிபார்த்த நிபுணர்கள் கட்டுரையை வாசிச்சாங்க. தரவை வாசிக்கலை. வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. "முதல்ல தரவை ஒரு பொதுக் களஞ்சியத்தில் வை, அப்புறம் கட்டுரையை அனுப்பு"ங்கிற ஒரே ஒரு விதி இருந்திருந்தா, இந்தக் கூத்து வாசல்லயே முடிஞ்சிருக்கும்.

வெளிநாட்டுக் கதை போதும். என் யோக்கியதையைச் சொல்றேன்.

எம்.டி. படிக்கும்போது தீசிஸ் போட்டேன். சர்க்கரை நோயாளிகள் 120 பேர், சிறுநீரில் வெளியேறும் புரதம். ஒவ்வொருத்தரையும் உட்கார வச்சு, "ஒரு ஆராய்ச்சிக்காகம்மா, கையெழுத்துப் போடுங்க"ன்னு கேட்டு ரத்தம் எடுத்தேன். சிலர் காலையில வெறும் வயித்தோட ரெண்டு பஸ் மாறி வந்தாங்க. அந்த நம்பர் எல்லாம் எங்க போச்சு? எக்செல்ல ஏத்தினேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டுக் கொடுப்பவருக்குப் பென்டிரைவில் கொடுத்தேன். அவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தீசிஸோட பின்பக்கம் "மாஸ்டர் சார்ட்"னு பொடி எழுத்தில் அச்சடிச்சு, பைண்டிங் பண்ணி, தங்க எழுத்து போட்டு, பரிசோதகர் கிட்ட கொடுத்தாச்சு. ஃபைல் பேரு "மாஸ்டர் ஃபைனல் நியூ 2". பென்டிரைவ் தொலைஞ்சு பல வருஷம் ஆச்சு.

நான் தனி ஆள் இல்லை. 2014ல் வந்த ஓர் ஆய்வு 516 கட்டுரைகளைத் தேடிப் போனது. கட்டுரைக்கு ஒவ்வொரு வயசு கூடும்போதும், அதன் தரவு உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு 17 சதவீதம் வீதம் குறைஞ்சுக்கிட்டே போகுதுன்னு கண்டுபிடிச்சாங்க.

எக்செல் மேல எனக்குக் கோபம் இல்லை. கடை வரவு செலவுக்கு அருமையான கருவி. ஆனா செப்ட்2, மார்ச்1னு பேர் இருந்த மரபணுக்களை அது செப்டம்பர் 2, மார்ச் 1னு தேதியா மாத்தி வச்சிடும். எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதை 2016ல் கண்டுபிடிச்சாங்க. கடைசியில 2020ல் மரபணுக்களோட பேரையே மாத்த வேண்டியதாப் போச்சு! அதே வருஷம் இங்கிலாந்தில் ஆய்வக முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏத்தினாங்க. 65,536 வரிகளுக்கு மேல் அதில் இடம் கிடையாது. 15,841 பேரின் கொரோனா பாசிட்டிவ் கணக்கில் விடுபட்டது. அவங்களோட பழகியவர்களைத் தேடும் வேலை அத்தனை நாள் தாமதமாச்சு.

சரி டாக்டர், மாற்று என்ன? இருக்கு. அதுவும் இலவசமா இருக்கு. அதனாலதான் எனக்கு ஆத்திரம்.

செனோடோன்னு ஒரு களஞ்சியம். ஜெனீவா பக்கத்துல துகள் இயற்பியல் ஆய்வு நடத்தும் செர்ன் 2013லிருந்து நடத்துது. ஒரு பதிவுக்கு 50 ஜி.பி. வரை காசில்லாம வைக்கலாம். என்னோட 120 பேர் தரவு, உங்க குடும்ப குரூப்புல வர்ற குட்மார்னிங் படத்தை விடச் சின்னது. டேட்டாவெர்ஸ்னு இன்னொண்ணு, ஹார்வர்டில் உருவானது. அந்த சாஃப்ட்வேரை எந்தக் கல்லூரியும் தன் சர்வரிலேயே நிறுவிக்கலாம். லைசன்ஸ் கட்டணம் கிடையாது. பார்த்துக்க ஓர் ஆள் வேணும், அவ்வளவுதான்.

இதெல்லாம் என்ன செய்யும்னா, தரவுக்கு ஒரு நிரந்தர முகவரி எண் கொடுக்கும். நான் வேலை மாறினாலும், செத்தே போனாலும், அந்த எண்ணைத் தட்டினா தரவு வரும். திருத்தினா பழையது அழியாது, புதுப் பதிப்பு அதன் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கைரேகை மாதிரி ஓர் எண் கணக்கிடப்படும். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கைரேகை மாறிடும். யாரோ ராத்திரியோட ராத்திரியா ரெண்டு இறப்பை அழிச்சா மாட்டிக்குவாங்க. இதைப் பார்த்துத்தான் சிலருக்குப் பயம்னு நான் நினைக்கிறேன்.

உடனே மூத்தவங்க ஒரு அஸ்திரம் எடுப்பாங்க: "நோயாளியின் அந்தரங்கம் என்னாவது?" நியாயமான கேள்வி. பேரை எடுத்துட்டா மட்டும் போதாதுங்கிறதும் உண்மை. 1990களில் அமெரிக்காவில் லதான்யா ஸ்வீனி, பிறந்த தேதி, பாலினம், பின்கோடு மூணை மட்டும் வச்சு மாசசூசெட்ஸ் ஆளுநரின் மருத்துவப் பதிவையே அடையாளம் கண்டார். நம்ம ஊர்ல இன்னும் சுலபம். அபூர்வ நோய், வயசு, கிராமம் சொன்னா டீக்கடையிலயே ஆளைச் சொல்லிடுவாங்க.

ஆனா அதுக்கும் வழி இருக்கே. யு.கே. பயோபேங்க் 5 லட்சம் பேரின் தரவை வச்சிருக்கு. ஆய்வாளர் விண்ணப்பிக்கணும், அனுமதி வாங்கணும், அவங்க தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து கணக்குப் போடணும். நம்ம நாட்டிலும் 10,000 பேரின் மரபணுத் தொகுதி ஃபரிதாபாத் தரவு மையத்தில் இருக்கு. 2025 ஜனவரியில் இருந்து விண்ணப்பித்துப் பெறலாம். திறந்து போடுறதுக்கும் பூட்டிப் புதைக்கிறதுக்கும் நடுவுல பெரிய வெளி இருக்கு.

இன்னொண்ணு சொல்லட்டுமா? அந்தரங்கம் பேசுற நாங்கதான் மாஸ்டர் சார்ட்டுல நோயாளியோட பேரையும் ஐ.பி. நம்பரையும் அச்சடிச்சு நூலகத்துல வச்சோம். என் தீசிஸ்லயும் இருக்கு.

"என் தரவை வச்சு வேற எவனாவது முந்திக் கட்டுரை போட்டுட்டா?"ன்னும் கேட்பாங்க. 2020 ஜனவரி 11ஆம் தேதி சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஷென்னின் குழு, கொரோனா வைரஸின் மரபணு வரிசையைத் தங்கள் கட்டுரை வெளியாகும் முன்பே இணையத்தில் போட்டது. நீங்க கைல போட்டுக்கிட்ட தடுப்பூசி அப்படிப் போட்டதிலிருந்து ஆரம்பிச்சது. அவர் முந்திக்கொள்ளும் கணக்கைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா?

உங்ககிட்ட நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரியில "ஆராய்ச்சிக்காக"ன்னு ஒரு படிவம் நீட்டினா, கையெழுத்துக்கு முன்னாடி கேளுங்க: "என் பேர் இல்லாம இந்தத் தரவை எங்க வைப்பீங்க டாக்டர்? எத்தனை வருஷம் இருக்கும்? வேற யார் சரிபார்க்கலாம்?" முழிப்பாங்க. முழிக்கட்டும். கேள்வி கேட்டீங்கன்னு உங்க சிகிச்சையைக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

போன மாசம் நாலு ராத்திரி உட்கார்ந்து, என் தீசிஸின் மாஸ்டர் சார்ட்டை லென்ஸ் வச்சுப் பார்த்து மறுபடி டைப் பண்ணேன். அட்டவணை ஒன்றில் 38 பேருக்குப் பாதிப்புன்னு போட்டிருக்கேன். சார்ட்டில் எண்ணினா 36தான் வருது. எது சரின்னு பார்க்க கேஸ் ஷீட் இப்ப எங்கேயும் இல்லை. பேரையும் ஐ.பி. நம்பரையும் எடுத்துட்டு, இந்த ரெண்டு பேர் முரண்பாட்டையும் குறிப்பா எழுதி, களஞ்சியத்தில் ஏத்த அனுமதி கேட்டு எத்திக்ஸ் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கேன். பதில் வந்ததும் இதே இழையில் போடுறேன்.