பொய் மதிப்பீட்டுக்கு இரண்டே வருடம்

வங்கிக் கடனில் வீடு வாங்கியவர், மதிப்பீட்டறிக்கையை மீண்டும் எப்போது எடுத்துப் பார்க்கிறார்? விற்க நினைக்கும்போதுதான். பெறுமதி வேண்டுமென்றே ஊதிக் காட்டப்பட்டது அன்றுதான் வெளிச்சத்துக்கு வரும். அதற்குள் ஐந்தாறு வருடங்கள் ஓடியிருக்கும்.

எமது சட்டம் அதுவரை காத்திருப்பதில்லை. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, நட்டஈட்டு வழக்கை அதற்கான காரணம் தோன்றி 2 வருடங்களுக்குள் தொடுக்கச் சொல்கிறது. மோசடி தெரியவந்த நாளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எழுத்துமூல ஒப்பந்தமாயின் 6 வருடங்கள் உண்டு. ஆனால் மதிப்பீட்டாளரோ பெரும்பாலும் வங்கியின் பட்டியலில் உள்ளவர். கட்டணம் மட்டுமே எம்முடையது. ஒப்பந்தத்துக்கு எங்கே போவது?

மறைக்கப்பட்ட மோசடிக்கு நீதிமன்றம் விலக்களிக்கலாமே என்பார்கள் சட்டத்தரணிகள். அளிக்கலாம். அதை வாதாடிப் பெறும் செலவும் ஏமாந்தவர் தலையிலேயே விழும் (அவர்களுக்கென்ன, கட்டணம் வந்துவிடும்). இந்தியாவின் 1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டமோ, மோசடி தெரியவந்த அல்லது முயன்றிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தே காலத்தைக் கணக்கிடுகிறது.

போர்க்காலத்தில் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தோர் காணிகளை மீட்பதற்கு, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் விலக்களித்தது இதே பாராளுமன்றம்தான். 9 ஆம் பிரிவில் ஒரு வரி சேர்க்க மட்டும் அதற்கு ஏன் கை வரவில்லை?